பேரு தெரியாத குருவி

அப்பா போன பிறகு அவருடைய பொருட்களில் எனக்கு வேண்டும் என்று நான் கேட்டு வாங்கியது ஒரு 80 பக்கக் கொப்பி. அட்டையைக் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் ஏலக்காய் ஸ்டோரின் நிறுவைக் கணக்கு. கொப்பியைத் திருப்பிப் பிடித்துப் பின்னட்டையிலிருந்து தொடங்கினால், ரிவர்ஸ்டன் பாதையில் அவர் கண்டதெல்லாம் பென்சிலில் இருக்கும்.

"கருமந்தி ஏழு. ஒண்ணு குட்டியோட. பனி." "காட்டுச் சேவல் ரோட்டக் கடந்து போச்சு." பிறகு, நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் படித்த வரி: "பேரு தெரியாத குருவி. காதுகிட்ட மஞ்ச மயிரு. ஆத்தாகிட்ட கேக்கணும்."

அவர் சொன்ன ஆத்தா என் அப்பாயி. அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியை அப்பா குப்பிலாம்பு வெளிச்சத்தில் உரக்கப் படிக்க, லயத்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார். தொடர்கதையில் யாராவது அழுதால் இவரும் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். வாசிப்பு என்றால் சத்தமாக, பத்துப் பேர் நடுவில் நடப்பது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "மனதுக்குள் வாசியுங்கள்" என்றபோது எனக்கு அது திருட்டு வேலைபோல் பட்டது.

எழுத்து அப்பாவிடம் இருந்தது. குருவிப் பெயர்கள் அப்பாயியிடம் இருந்தன. குக்குறுவான், கரிச்சான், செம்போத்து, மைனா, கொண்டைக்குருவி. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார். ஆனால் அப்பாவின் மஞ்சள் காதுக் குருவிக்கு அவரிடம் பெயர் இருக்கவில்லை. "அது மலைக்குருவி" என்றாராம், அவ்வளவுதான்.

ஏன் என்று எனக்குப் புரிய நாற்பது வயதானது. 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்காக எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கினார்கள். தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தபோது நானும் வீதியோரம் நின்றேன். அன்று இரவுதான் தோன்றியது: அப்பாயியின் பெயர்களும் அப்படி நடந்து வந்தவைதாம். புதுக்கோட்டைச் செம்மண்ணில் பார்த்த பறவை இங்கேயும் இருந்தால் அதற்குப் பெயர் இருந்தது. இந்த மலையில் மட்டுமே இருப்பதற்கு, வந்தவர்கள் மூட்டையில் பெயர் இல்லை. அதிகாலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிறகு இருட்டும்வரை மலை. புதிதாகப் பெயர் வைக்க அவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது?

பெயர் வைக்க நேரம் இருந்தவர்கள் வேறு ஆட்கள். எங்கள் தும்பர மலைத்தொடரில் மட்டுமே வாழும் ஓர் ஓணான் இருக்கிறது. மூக்கு நுனியில் இலைபோல் தட்டையான சதைக் கொம்பு. 1861இல் அறிவியல் அதற்குச் சூட்டியது டெனன்ட்டின் பெயரை. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். இலங்கை இயற்கை வரலாறு பற்றி அருமையான நூலும் எழுதியவர். ஆனால் 1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை கிளர்ந்தெழுந்து நசுக்கப்பட்டபோது, அந்த அரசாங்கத்தின் மேல்மட்டத்தில் அவர் இருந்தார். மாத்தளை மலையில் ஒரு சின்ன உயிர், அறியாமலே அவர் பெயரைச் சுமக்கிறது. சிங்களத்தில் அதற்குக் கொம்பை வைத்தே அழகான பெயர் உண்டு: பெதி அங் கட்டுஸ்ஸா. தமிழில் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

போன மாசி மாதம் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். ரத்தோட்டையைத் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் குளிர் கன்னத்தில் தட்டும். ரிவர்ஸ்டன் கணவாயில் இறங்கினால் காற்று ஆளைத் தள்ளும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே நிற்பதே பாடு. இந்தக் காற்றால்தான் மேட்டு மரங்கள் உயராமல், முறுக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்குக் குட்டையாய் நிற்கின்றன. தும்பர என்றாலே பனிமூட்டம். வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சிகரங்கள் மடக்கிய கைமுட்டியாகத் தெரிந்ததால் நக்கிள்ஸ் என்று எழுதிவைத்தார்கள். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி.

மகளுக்கு முதலில் அட்டைப்பூச்சிப் பயம். காலுறைமேல் சவர்க்காரம் தேய்த்துவிட்டேன். அப்பாவின் வைத்தியம் அது.

இந்தக் காட்டின் அடியில் முன்பு ஏலம் இருந்தது. பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு, கீழ்ச்செடிகளையெல்லாம் வெட்டி ஏலம் நட்டார்கள். காயை உலர்த்தக் காட்டு விறகு எரித்தார்கள். காடு பாதுகாக்கப்பட்டபோது அந்த வேலை போனது. ஸ்டோர் மூடிய நாளில் அப்பாவின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனாலும் அடுத்த பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: "ஏலக் காட்டுக்குள்ள பழைய செடி மொளைக்குது. நல்லதுதான்." வேலையிழந்த மனுஷன் எழுதிய வரி அது. எத்தனை புத்தகம் படித்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு நான் வந்து சேர்வேனா தெரியாது: நல்லதுதான்.

பிட்டவல பத்தனையில் புல்வெளிக்குள் பாறை. பாறைமேல் கசியும் நீர்ப்படலத்தில் மகள் எதையோ கண்டு குந்தினாள். வாற்பேத்தைகள். குளத்தில் நீந்துவதற்குப் பதிலாக ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு மேய்கின்றன. தட்டை உடம்புத் தவளையொன்றின் குஞ்சுகள் அவை. அந்தத் தவளை இனமும் இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. பாடப்புத்தகத்தில் வாற்பேத்தை தண்ணீருக்குள்தானே இருக்கும் என்று அவள் என்னோடு வாதாடினாள். குனிந்து பார்த்தபடியே வாதாடினாள். அரைமணி நேரம் போனது. தலைக்கு மேல் கருங்கழுகு ஒன்று, இறகடிக்காமல், மர உச்சிகளை உரசுவதுபோல் மெல்ல மிதந்து போனதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு செடித்தண்டைச் சுட்டி, "அந்த எல ஏன் மூக்கு மாதிரி இருக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "அம்மா, கண்ணு முழிச்சிப் பாக்குது." அதன் பிறகே ஓணான் என் கண்ணுக்கு வந்தது. ஓடவில்லை. பச்சையும் பழுப்புமாய், கொம்பை முன்நீட்டி, நாங்கள் மூச்சுவிடும் தூரத்தில். அப்பாவின் கொப்பி முழுக்கத் தேடியிருக்கிறேன், இது இல்லை. இருபது வருடம் இந்த வழியே நடந்தவர் இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? செடி என்று கடந்து போயிருப்பார், நான் கடக்க இருந்ததைப் போல.

அன்றிரவு ரத்தோட்டையில் சித்தி வீட்டில் தங்கினோம். கரண்ட் போய்விட்டது. சாயத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். மெழுகுதிரி வெளிச்சத்தில், நான் கையோடு கொண்டுபோயிருந்த 'தோட்டக்காட்டினிலே' தொகுப்பிலிருந்து ஒரு கதையை உரக்கப் படித்தேன். மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு மூவரின் கதைகள். இரண்டு பெயர்களின் முன்னால் தன் ஊர் இருப்பதைக் கண்டு மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். தும்பரவையும் ஒரு ஓணான் பெயரில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். குட்டி போடும் குள்ள ஓணான் அது. 2006இல்தான் தனி இனம் என்று கண்டார்கள். மாத்தளை சோமு மாதிரி, தும்பர ஓணான். சித்தி கதையை நிறுத்தவேண்டாம் என்றார். அவர் கண்ணையும் முந்தானை தேடிப் போயிருந்தது.

இங்கே மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். எழுத்தாளர் வீட்டில் வளர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவர் பத்தி விடாமல் வந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டோடு வீட்டுமுற்றத்து அணிலைப் பற்றியும் எழுதினார். எங்கள் மலைக்கும் அப்படி ஒருவர் தமிழில் எழுதியிருந்தால் என்று ஏங்குகிறேன். ஏலக் கணக்கின் பின்பக்கத்தில் எழுதியவர்கள் அப்பா மட்டுமாக இருக்க முடியாது. பழைய டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திறந்து பாருங்கள்.

மஞ்சள் காதுக் குருவியின் கதை மிச்சம் இருக்கிறது. கணவாய்க்குக் கீழே பழமரம் ஒன்றில் அதை மறுநாள் காலை கண்டோம். கறுப்பும் வெள்ளையுமான முகம், காதருகே மஞ்சள் மயிர்க்குச்சம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஜி. எம். ஹென்றி, தானே படங்கள் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலில் இதற்கு ஆங்கிலப் பெயர் உண்டு. அப்பாயியின் கொண்டைக்குருவிக்கு இது நெருங்கிய சொந்தம்தான். மலைநாட்டை விட்டுக் கீழே இறங்காத சொந்தம்.

கொப்பியை மகளிடம் கொடுத்தேன். "நான் எழுதலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எழுதலாம் என்றேன். பெயர் ஏதாவது எழுதுவாள் என்று நினைத்தேன். அப்பாவின் பென்சில் வரிக்குக் கீழே, இடம் விடாமல், நீல மையில் எழுதியிருந்தாள்:

"இப்பவும் இருக்கு. ரெண்டு."