சாவி கைமாறினால் பொறுப்பும் மாறும்: வாலட் பார்க்கிங் மேற்பார்வையாளரின் பணி என்ன?

புதுடெல்லி: நட்சத்திர விடுதியின் வாசலில் விருந்தினர் கார் சாவியை ஊழியரிடம் ஒப்படைத்ததும், வாகனத்தின் பாதுகாப்பு விடுதியின் பொறுப்பாகிவிடுகிறது. அப்பொறுப்பைக் களத்தில் சுமப்பவர் வாலட் பார்க்கிங் மேற்பார்வையாளர்.

வாகனத்தில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறித்துக்கொள்வது, எண்ணிட்ட சீட்டு வழங்குவது, சாவிகளைப் பாதுகாப்பாக வைப்பது, சீட்டைச் சரிபார்த்த பின்னரே காரைத் திருப்பித் தருவது ஆகியவற்றை அவர் கண்காணிக்க வேண்டும்.

இதில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு, 1998 ஆகஸ்டில் டெல்லியின் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் நடந்த திருட்டு ஓர் எடுத்துக்காட்டு. மேசையில் இருந்த சாவியை எடுத்த ஒருவர், விருந்தினரின் காரை ஓட்டிச் சென்றுவிட்டார். காப்பீட்டு நிறுவனம் ரூ.2.80 லட்சம் இழப்பீடு வழங்கியபின், விடுதியின் மீது நுகர்வோர் வழக்கு தொடரப்பட்டது.

'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது' எனச் சீட்டில் அச்சிட்டிருப்பதாக விடுதி வாதிட்டது. ஆனால், அந்த வாசகத்தைக் காட்டித் தனது அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து விடுதி தப்பிக்க இயலாது என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். உரிய கவனம் செலுத்தப்பட்டதை நிரூபிக்கும் கடமையும் விடுதிக்கே உண்டு. எனவே, மேற்பார்வையாளர் அன்றாடம் பராமரிக்கும் பதிவேடு, தகராறு எழும்போது முக்கியச் சான்றாகிறது. விருந்தினரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.