ஐந்தாவது பங்கு: பீளமேட்டுச் சகோதரர்கள் எழுதிவைத்த அறம்

கோயம்புத்தூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் சாலையில் உள்ள பீளமேடு இன்று மாநகராட்சியின் ஒரு பகுதி. நூறு ஆண்டுகளுக்கு முன் அது தனிக் கிராமம். கிணற்றுப் பாசனம், கவலை ஏற்றம், பருத்தி விளைச்சல் என்று வாழ்ந்த ஊர். அங்கே நிலமும் பருத்தி வியாபாரமுமாக வளர்ந்த குடும்பத்தின் தலைவர் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு. வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி என்று அவருக்கு நான்கு மகன்கள். அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினையில் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டார்கள். நான்கு பங்கு மகன்களுக்கு, ஐந்தாவது பங்கு ஊருக்கு. அந்த ஐந்தாவது பங்கில் 1926-இல் உருவானதுதான் ‘பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் சாரிட்டீஸ்’ என்ற அறக்கட்டளை. தொடக்க நிதி 2,01,000 ரூபாய். மொய் எழுதும்போது ஒன்று கூட்டி எழுதுவது போல, இரண்டு லட்சத்துக்கு மேல் ஓர் ஆயிரம்.

அக்காலத்தில் தர்மம் செய்யாத செல்வர்கள் குறைவு. கோயில் திருப்பணி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல், திருவிழாவில் அன்னதானம் என்று அதற்குப் பழகிய வழிகள் இருந்தன. பெரும்பாலும் அந்தச் செலவு அந்தந்த ஆண்டு லாபத்திலிருந்து வரும். விளைச்சல் பொய்த்தாலோ, பருத்தி விலை விழுந்தாலோ, கொடுத்தவர் கண் மூடினாலோ அதுவும் நின்றுவிடும். பீளமேட்டுச் சகோதரர்கள் இந்தக் கணக்கை மாற்றினார்கள். பங்கு கேட்கும் உரிமையுள்ள இன்னொரு சகோதரனாக அறத்தை எண்ணினார்கள். அறக்கட்டளை என்று எழுதிப் பதிந்துவிட்ட சொத்து வாரிசுகளுக்குச் சேராது. அடுத்த தலைமுறை அதை நிர்வகிக்கலாம், பிரித்துக்கொள்ள முடியாது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அந்தக் கொடை நிற்பதற்கு அவர்களின் தாராள மனத்தைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய இந்து கூட்டுக்குடும்பச் சட்டத்தில், பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு ஆண் மக்களுக்கே உண்டு. தமிழ்நாட்டில் அந்த உரிமை மகள்களுக்குக் கிடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் பங்கு வைக்க முடிந்த காலத்திலும் பெண்களுக்குச் சட்டம் பங்கு வைக்கவில்லை.

அறக்கட்டளைக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1924-இல், பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப்பள்ளி தொடங்கிவிட்டது. ‘எல்லா மக்களுக்கும்’ என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட பள்ளி. உயர்நிலைப்பள்ளிகள் நகரங்களிலேயே அதிகம் இருந்த காலத்தில், உழவர் பிள்ளைகளும் மில் தொழிலாளர் பிள்ளைகளும் நடந்து போகும் தூரத்தில் அது வந்தது.

1926-இல் தொடங்கிய தொழிற்கூடம் இந்தக் குடும்பத்தின் கொடைகளிலேயே தனித்தன்மை உடையது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்ற அந்த இடத்தில் பயிற்சியும் உற்பத்தியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. வார்ப்படம், கடைசல், பொருத்துதல் ஆகியவற்றைப் பையன்கள் கைப்பட வேலை செய்தே கற்றார்கள். அங்கிருந்து பம்புகளும் மோட்டார்களும் லேத் இயந்திரங்களும் சந்தைக்குப் போயின. விற்பனைக்குப் போகும் பொருளில் பிழை இருந்தால் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். பரீட்சைத் தாளில் வராத கண்டிப்பு அது. விற்ற பணம் கூடத்தை நடத்தவும் உதவியது. கல்விக்கு ஒதுக்கிய பணம் செலவாகித் தீர்ந்துபோகும் வழக்கத்துக்கு மாறாக, பணமே கல்வி கொடுத்துக்கொண்டு திரும்பி வரும் வழி அமைந்தது.

காலமும் அதற்கு ஒத்துழைத்தது. கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் நூற்பாலை தொடங்கியதிலிருந்து மில்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் கவலை ஏற்றத்தின் இடத்துக்கு மின் பம்பு வரத் தொடங்கியது. 1937-இல் கோவைத் தொழில்முனைவோரான பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். மில்லுக்கு மெக்கானிக், பட்டறைக்கு டர்னர், வார்ப்படச்சாலைக்கு அச்சுக்காரர் என்று ஊர் ஆள் தேடியது. பீளமேட்டுக் கூடத்தில் தொழில் பழகியவனுக்கு வேலை ஊருக்குள்ளேயே இருந்தது. 1939-இல் பாலிடெக்னிக்கும் வந்து சேர்ந்தது. பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று கோவை இன்று பெயர் பெற்றிருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கைத்தொழில் தெரிந்த ஆட்களை உருவாக்கித் தந்த இத்தகைய கூடங்கள் அவற்றில் முதன்மையானவை.

நாடு விடுதலை பெற்ற 1947-இல் கலை அறிவியல் கல்லூரி தொடங்கியது. 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. கோவைக்காரர்கள் ‘பி.எஸ்.ஜி. டெக்’ என்று சொல்லும் அந்தக் கல்லூரியைத் தொழிற்கூடத்தின் வளாகத்திலேயே அமைத்தது நல்ல தீர்மானம். வகுப்பறையில் படித்ததை எதிரே உள்ள பட்டறையில் பார்க்கலாம். படிப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் மாறிமாறி வரும் ‘சாண்ட்விச்’ பொறியியல் படிப்பு இங்கே வேரூன்ற அந்த அமைப்பே ஏற்றதாக இருந்தது.

அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் கோவிந்தசாமி நாயுடுவின் பேரன் ஜி.ஆர். தாமோதரன். இங்கிலாந்தில் பொறியியல் படித்துத் திரும்பியவர். முதல் மக்களவையில் பொள்ளாச்சியின் உறுப்பினர். 1978 முதல் 1981 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழுக்கு அவர் செய்த உதவி இந்தப் பதவிகளையெல்லாம் விடப் பெரியது. கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழை நடத்தினார். இயற்பியலையும் பொறியியலையும் தமிழில் எழுத ஆள் கிடைக்காத காலத்தில், கல்லூரி ஆசிரியர்களை எழுதவைத்தது அந்த இதழ். ஆங்கிலம் எட்டாத பிள்ளைக்கும் அறிவியல் எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. கட்டடம் கட்டிக் கொடுப்பவர்கள் பலர் உண்டு. அந்தக் கட்டடத்துக்குள் நுழைய முடியாதவனைத் தேடிப்போய் அறிவைக் கொடுக்க நினைத்தவர்கள் சிலரே. இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் கலைக்கதிருக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1978-இல் கலை அறிவியல் கல்லூரியும் தொழில்நுட்பக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றன. நாட்டில் முதலில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் வரிசையில் இரண்டும் இடம்பெற்றன. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்ததால், சுற்றுவட்டாரத் தொழில்களின் தேவைக்கேற்பப் படிப்பை மாற்ற முடிந்தது.

பெண்கல்விக்கு இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை தனியே வழி செய்தது. ஜி.ஆர். கோவிந்தராஜுலுவும் அவர் மனைவி சந்திரகாந்தியும் நிறுவிய ஜி.ஆர்.ஜி. அறக்கட்டளை 1963-இல் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரியைத் தொடங்கியது. அதே பீளமேடு, குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் பெயர். வெளியூர் விடுதிக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு, பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவரக்கூடிய கல்லூரி பெரிய மாற்றம். பாகப்பிரிவினைச் சட்டம் பெண்ணுக்கு மறுத்ததை, படிப்பு வேறொரு வடிவத்தில் கொடுத்தது என்றே கொள்ளலாம்.

1985-இல் மருத்துவக் கல்லூரியும் 1989-இல் மருத்துவமனையும் தொடங்கின. பிறகு மருந்தியல், மேலாண்மை, செவிலியர் படிப்பு ஆகியவற்றுக்கான நிறுவனங்களும், நீலாம்பூரில் இன்னொரு பொறியியல் கல்லூரியும் சேர்ந்தன.

இந்தக் குடும்பம் தனித்து நின்ற அதிசயமும் இல்லை. 1930-இல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். லட்சுமி மில்ஸ் குப்புசாமி நாயுடுவின் பெயரால் 1952-இல் மருத்துவமனை எழுந்தது. வி. ரங்கசாமி நாயுடு அறக்கட்டளை 1956-இல் கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கியது. அடுத்த வீட்டுக்காரர் பள்ளி கட்டினால் நாம் ஆஸ்பத்திரி கட்டுவோம் என்ற நல்ல போட்டி மில் குடும்பங்களிடையே நிலவிய ஊர் கோவை. பருத்தியில் வந்த பணம் பருத்தி விளைந்த மண்ணிலேயே தங்கியதற்கு அந்தப் போட்டியும் காரணம்.

அறக்கட்டளை தொடங்கிய நாளின் நிலைமை இப்போது இல்லை. பழைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பாடப்பிரிவுகள் உண்டு. அவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. 1980-களுக்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பெருகியவை சுயநிதிப் பிரிவுகள். அவற்றின் கட்டணம் பல மடங்கு. மருத்துவப் படிப்பின் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். நன்கொடையில் பிறந்த நிறுவனங்களும் கட்டணத்தை நம்பி நடக்கும் காலம் இது. உள்ளூர் ஏழைப் பிள்ளைக்கு அவற்றில் எத்தனை இடம் என்ற கேள்வி எந்தக் கல்வி அறக்கட்டளைக்கும் பொருந்தும். இந்தக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்களும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. சர்வஜனம் என்று பெயர் வைத்தவர்களை அளக்கச் சரியான அளவுகோல் அதுவே.

வழிகள் அடைபடவும் இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில், விண்ணப்பிக்கும் முன் எந்தப் பிரிவு அரசு உதவி பெறுவது, எது சுயநிதி, எந்தச் சலுகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

(தொடரும்)