விளங்குதலும் விளக்குதலும்: இமாம் கஸ்ஸாலியின் ஒளியும் கான்ட்டின் துணிவும்

"வெளங்கிச்சா?" என்று கேட்காத ஆசிரியர் நம் நாட்டில் இல்லை. ஓதப்பள்ளியில் லெப்பையும் கேட்பார், கணக்குப் பாடத்தில் சேரும் கேட்பார். "வெளங்கல்ல" என்று சொல்ல நாம்தான் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிடுவோம். தமிழ்நாட்டார் 'புரியுது' என்று சொல்லும் இடத்தில் இலங்கையில் தமிழ் பேசுகிற நாம் எல்லோரும் 'விளங்குது' என்கிறோம். விளங்குதல் என்றால் ஒளிர்தல். விளக்கும் விளக்கமும் அதே வேரில் பிறந்தவை. ஒரு விடயம் மனதுக்கு எட்டும்போது உள்ளுக்குள் ஏதோ ஒளிர்கிறது என்பதை நம்முடைய அன்றாடப் பேச்சே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இலக்கணக்காரர் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வார்கள். 'விளங்கு' தன்வினை, 'விளக்கு' பிறவினை. ஒன்று தானாக ஒளிர்வது, மற்றது ஒருவர் ஒளிரச் செய்வது. ஞானம், அறிவொளி, தெளிவு என்று நாம் எந்தப் பெயரால் அழைத்தாலும் அதைப் பற்றி நடந்த பெரிய வாதங்களெல்லாம் இந்த இரண்டு வினைகளுக்கிடையில்தான் நடந்திருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கொடுக்கப்படுவதா, நாமே ஏற்றிக்கொள்வதா?

சொற்களைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். நம் அயலவரான பௌத்தர்கள் சொல்லும் 'போதி' ஒளியைக் குறிக்கும் சொல்லல்ல. அதன் வேருக்கு விழித்தல் என்று பொருள். புத்தர் என்றால் விழித்துக்கொண்டவர். அரபியில் ஒளிக்கு நூர், திரை விலகுவதற்குக் கஷ்ப், விடியல் வெளிச்சத்துக்கு இஷ்றாக் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்த அறிவொளி இயக்கத்தை இன்றைய அரபு எழுத்தாளர்கள் 'தன்வீர்' என்கிறார்கள். அதுவும் நூர் என்ற வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் பிறவினை: ஒளியேற்றுதல்.

நம்மவர் மேடைகளில் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் ஈமானின் ஒளி, மறுபக்கம் மேலைத்தேயத்தின் பகுத்தறிவு. முதலாவதுக்குச் சாட்சியாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அழைப்பார்கள். மறுபக்கத்தாரும் சும்மா இருப்பதில்லை. 'முஸ்லிம்களின் விஞ்ஞானத்தை அணைத்தவரே கஸ்ஸாலிதான்' என்று அவர்களும் அதே இமாமைத்தான் இழுக்கிறார்கள். இரண்டு தரப்பும் அவருடைய கிதாபை ஆறுதலாக வாசித்ததாகத் தெரியவில்லை.

கஸ்ஸாலி ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தவர். 1091இல் பக்தாதின் நிஸாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். வாழ்வின் பிற்பகுதியில் எழுதிய 'அல்-முன்கித் மினள் ழலால்' என்ற சிறிய நூலில் தன் அறிவுப் பயணத்தைச் சொல்கிறார். அதில் இரண்டு நெருக்கடிகள் வருகின்றன. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் முக்கால்வாசிக் குழப்பம்.

முதலாவது அறிவின் நெருக்கடி. உறுதியான அறிவு எது என்று தேடத் தொடங்கியவர் முதலில் புலன்களைச் சோதிக்கிறார். நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் கண்ணுக்கு ஒரு தீனார் நாணயம் அளவில் தெரிகிறது. கேத்திர கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்று நிறுவுகிறது. ஆக, கண் பொய் சொல்கிறது, அறிவு அதைப் பிடித்துக் கொடுக்கிறது. அப்போது புலன்கள் அவரிடம் கேட்பது போல ஒரு கேள்வி எழுகிறது: 'எங்களை நம்பினாய், அறிவு வந்து எங்களைப் பொய்யாக்கியது. அறிவுக்கு மேலே இன்னொரு நீதிபதி இருந்து, அவர் வந்து அறிவையும் பொய்யாக்கமாட்டார் என்று எப்படிச் சொல்வாய்?' கனவில் காண்பதைக் கனவு முடியும்வரை நாம் உண்மை என்றுதானே நம்புகிறோம்? இந்த வாழ்வும் அப்படியொரு உறக்கமாக இருந்தால்?

ஏறக்குறைய இரண்டு மாதம் இந்த நோய் அவரைப் பிடித்திருந்தது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஆதாரம் காட்டி வெளியேறவும் வழியில்லை, ஏனென்றால் ஆதாரம் காட்டவே அடிப்படை உண்மைகள் வேண்டும். சந்தேகம் வந்ததே அவற்றின்மீதுதான். கடைசியில் அல்லாஹ் தன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் குணமடைந்ததாக எழுதுகிறார். ஒழுங்குபடுத்திய வாதத்தால் அல்ல, ஒளியால்.

மேடைப் பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த ஒளி என்ன செய்தது என்று பாருங்கள். அது அவருக்குப் புதிய இரகசியம் எதையும் அப்போது அறிவிக்கவில்லை. அறிவை ஒதுக்கிவிட்டு வேறொன்றை அதன் கதிரையில் இருத்தவுமில்லை. பத்து மூன்றைவிடப் பெரியது என்பது போன்ற, அறிவின் அடிப்படை உண்மைகளை மறுபடியும் நம்பக்கூடியதாக்கியது. அதாவது, நோயுற்றிருந்த பகுத்தறிவுக்கு சுகம் கொடுத்தது. ஒளி வந்த பிறகுதான் அவர் கலாம், தத்துவம், பாதினிய்யா, ஸூபித்துவம் என்று நான்கு கூட்டத்தாரின் நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து எடைபோடத் தொடங்குகிறார். ஒளி கிடைத்துவிட்டது, இனிப் படிப்பு எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது நெருக்கடி 1095இல் வந்தது. அது சந்தேகத்தின் நோயல்ல, நிய்யத்தின் நோய். தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் புகழுக்குமாகவா என்ற கேள்வி. ஆறு மாதம் அளவில் இழுபறி. பாடம் நடத்த வாய் திறந்தால் நாக்கு எழவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை, வைத்தியர்கள் கைவிட்டார்கள். அந்த ஆண்டே பக்தாதை விட்டுப் புறப்பட்டவர் திமிஷ்க், ஜெரூஸலம், மக்கா என்று சென்று, ஆண்டுக்கணக்காக ஒதுங்கி வாழ்ந்தார். 1106இல் நைஸாபூரில் மறுபடியும் கற்பிக்க வந்தார்.

விஞ்ஞானத்தை அணைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. 'தஹாபுதுல் பலாஸிபா'வில் அவர் தத்துவவாதிகளை மூன்று விடயங்களில் குப்ர் என்றளவுக்குக் கண்டித்தது உண்மை: உலகம் ஆதியற்றது, இறைவன் தனித்தனி விடயங்களை அறியமாட்டான், உடல் எழுப்பப்படாது என்பவை அவை. ஆனால் அதே நூலின் முன்னுரையில் கிரகணத்தை எடுத்துக்கொண்டு, கணித ஆதாரத்தோடு நிறுவப்பட்டதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்ற கருத்தை வைக்கிறார். பிறை விவகாரம் சூடுபிடிக்கும் நாட்களில் எனக்கு இந்தப் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

அவருடைய இன்னொரு நூலான 'மிஷ்காத்துல் அன்வார்' சூறத்துந் நூரின் 35ஆம் வசனத்துக்கான விளக்கம். மாடம், கண்ணாடி, விளக்கு, மரம், எண்ணெய் என்று அந்த வசனத்தில் வரும் ஐந்தையும் மனித ஆன்மாவின் ஐந்து ஆற்றல்களோடு இணைக்கிறார். புலன் மாடமாகவும், கற்பனை கண்ணாடியாகவும், அறிவு விளக்காகவும், சிந்தனை மரமாகவும், நபிமாருக்கும் சில நல்லடியாருக்கும் உரிய ஆற்றல் எண்ணெயாகவும் அமைகின்றன. கற்பனையைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டது அழகு. அழுக்கேறினால் வெளிச்சத்தை மறைக்கும், துடைத்து வைத்தால் காற்றில் அணையாமல் காக்கும். லாம்புச் சிமினி துடைத்த தலைமுறைக்கு இதற்கு உரை தேவையில்லை. அதே நூலில் கண்ணுக்கு ஏழு குறைகளைச் சொல்லி, ஒளி என்ற பெயருக்குக் கண்ணைவிட அறிவே தகுதியானது என்கிறார். குர்ஆன் சூரிய ஒளி போல, அறிவு கண் போல. கண்ணில்லாதவனுக்கு வெயிலால் பயனில்லை. இருட்டில் கண்ணாலும் பயனில்லை.

ஒளியையே அச்சாக வைத்து ஒரு முழுத் தத்துவத்தைக் கட்டியவர் ஸுஹ்ரவர்தீ. 'ஹிக்மதுல் இஷ்றாக்' அவருடைய நூல். 1191இல் ஹலபில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி ஜேர்மனிக்கு வருவோம். 1783 டிசம்பரில் பேர்லின் நகரத்து மாத சஞ்சிகை ஒன்றில், திருமணத்துக்குப் பாதிரியார் அவசியமா என்ற வாதத்துக்கிடையே, ஒரு பாதிரியார் அடிக்குறிப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவைத்தார்: அறிவொளி அறிவொளி என்கிறீர்களே, அது என்ன? அடுத்த ஆண்டு அதே சஞ்சிகையில் இரண்டு பேர் பதில் எழுதினார்கள். செப்டெம்பரில் மோசஸ் மென்டல்சோன், டிசம்பரில் இமானுவேல் கான்ட். மென்டல்சோன் யூதர், பிரஜைக்குரிய முழு உரிமை இல்லாத ஒரு சிறுபான்மையைச் சேர்ந்தவர். பின்னாளில் கான்ட்டின் பதிலையே எல்லோரும் தூக்கிப் பிடித்தார்கள்.

கான்ட் சொன்னதன் சாரம் இதுதான். மனிதன் தன்மேல் தானே சுமத்திக்கொண்ட சிறுபிள்ளைத்தனத்திலிருந்து வெளியேறுவதே அறிவொளி. அறிவு போதாமையால் அல்ல, துணிவு போதாமையால்தான் நாம் சிறுபிள்ளைகளாக இருக்கிறோம். எனக்காக யோசிக்க ஒரு புத்தகம், என் மனச்சாட்சிக்குப் பதிலாக ஒரு பாதிரியார், என் சாப்பாட்டைத் தீர்மானிக்க ஒரு வைத்தியர் என்று வசதியாக இருந்துவிடுகிறோம். துணிந்து சுயமாக அறிய முயல்வதுதான் அதற்கு மருந்து என்கிறார்.

இதை வாசித்துவிட்டு மறுபடி முன்கித்தைத் திறந்தால் ஒருவர் திடுக்கிடவே செய்வார். கஸ்ஸாலியும் தொடங்குவது இதே இடத்தில்தான். நஸாராக்களின் பிள்ளைகள் நஸாராக்களாகவும், யூதரின் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைச் சிறுவயதிலேயே கவனித்ததாகவும், அப்போதே தக்லீதின் கட்டு தன்னைவிட்டு அவிழ்ந்ததாகவும் எழுதுகிறார். தக்லீதை ஒரு கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். தான் பிறரைப் பார்த்து நம்புகிறவன் என்பதை ஒருவன் அறியாதவரைதான் அது முழுதாக இருக்கும். அறிந்துவிட்டால் உடையும். உடைந்ததை ஒட்டவைக்க முடியாது, நெருப்பில் உருக்கிப் புதிதாகத்தான் வார்க்க வேண்டும். பிழையற்ற ஒரு இமாமிடம் அறிவை ஒப்படைத்துவிடு என்ற பாதினிய்யாக்களோடு அவர் பொருதியதும் இதனால்தான். கான்ட்டுக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் முன்பே இது எழுதப்பட்டது.

இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அது சமாளிப்பு. கண்ணாடி உடைந்த பின் கான்ட் தன் கையால் விளக்கேற்றச் சொல்கிறார். கஸ்ஸாலியோ, கையே நடுங்கும்போது ஏற்றுவது எப்படி என்று கேட்கிறார். நெஞ்சில் விழும் ஒளியில் ஒரு சங்கடமும் இருக்கிறது: எனக்குக் கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அதை எப்படிச் சோதிப்பது? போலி ஷெய்குமாரைக் கண்ட சமூகம் நாம். கான்ட்டின் வெளிச்சத்துக்கும் நிழல் உண்டு. அந்த நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பியக் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிக்கொண்டுதான் இருந்தன.

வெளிச்சம் கிடைத்தவன் அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மிகச் சோகமான பதிலைச் சொன்னது ஓர் அரபுக் கதை. அந்தலூஸின் வைத்தியரும் தத்துவவாதியுமான இப்னு துபைல் (மௌத் 1185) எழுதிய 'ஹை இப்னு யக்ளான்' அது. பெயருக்கே 'உயிருள்ளவன், விழித்திருப்பவனின் மகன்' என்று பொருள். பூமத்திய ரேகையை ஒட்டிய இந்தியத் தீவொன்றில், மனித வாடையே இல்லாமல் ஒரு மான் பால்கொடுத்து வளர்த்த பிள்ளை ஹை. (இலங்கைதான் என்று சொல்லிவிட நமக்கு ஆசை வரும், ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை.) மான் செத்ததும் அதன் நெஞ்சைப் பிளந்து, போனது எது என்று தேடுகிறான். அங்கிருந்து நெருப்பு, உடல், வானம் என்று படிப்படியாகச் சென்று இறைவனை அறிகிறான். பகுத்தறிவும் பேரின்பமும் ஒரே ஏணியின் படிகளாக இருக்கின்றன. 1671இல் எட்வர்ட் போகொக் இதை இலத்தீனில் ஒக்ஸ்போர்டில் வெளியிட்டார். 1708இல் சைமன் ஒக்லி அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கான்ட்டின் கட்டுரைக்கு நூறு ஆண்டுகள் முன்பே, சுயமாக அறிந்த இந்த முஸ்லிம் பிள்ளை ஐரோப்பாவில் நடமாடியிருக்கிறான்.

கதை அத்தோடு முடியவில்லை. அப்ஸால் என்ற நண்பனோடு பக்கத்துத் தீவுக்குப் போன ஹை, தான் கண்டதை அங்குள்ள மக்களுக்கு விளக்கப் பார்க்கிறான். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் முகம் சுளிக்கிறார்கள். ஹை அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, உங்கள் வழக்கப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் தீவுக்கே திரும்பிப் போய்விடுகிறான். விளங்கியது, விளக்க முடியவில்லை.

நம் நாட்டில் அப்படித் திரும்பிப் போகாத ஒருவர் இருந்தார். கண்டியில் 1838இல் பிறந்த சித்தி லெப்பை, தொழிலால் சட்டத்தரணி. மிஷன் பாடசாலைக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயத்தில் சமூகம் ஆங்கிலக் கல்வியையே ஒதுக்கியிருந்த காலம் அது. அந்தப் பயம் வீண் பயமுமல்ல. அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, படிக்கச் சொல்லி எழுதினார்; பெண்பிள்ளைகளையும் படிக்கவையுங்கள் என்றார்; ஏச்சும் வாங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்த ஒறாபி பாஷாவோடும், வாப்பிச்சி மரிக்காரோடும் சேர்ந்து அவர் பட்ட பாட்டில் 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவானது.

இதே மனிதர்தான் 'அஸ்றாருல் ஆலம்' என்ற பெயரில், படைப்பின் இரகசியங்களைப் பற்றி ஸூபித்துவ நூலொன்றையும் எழுதினார். பாடசாலைக்காரர் சித்தி லெப்பையைப் பேசுவோர் அந்த நூலைத் தொடுவதில்லை. ஸூபி சித்தி லெப்பையைப் பேசுவோர் பத்திரிகையை மறந்துவிடுகிறார்கள். ஸாஹிரா உருவான அதே 1892இல் அவர் இன்னொரு சஞ்சிகையும் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஞான தீபம்'.