மேசைக்கு முன்பதிவு இல்லை: சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்கள்

சிங்கப்பூரில் 110-க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் போகிறவர் யாரும் மேசைக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை. சொல்லிவைக்க அங்கே ஆளும் இல்லை. பெரும்பாலான நிலையங்களுக்குக் கதவுகூடக் கிடையாது. உயரமான கூரை, சுற்றுச்சுவர் இல்லாத கூடம், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறிகள், தரையோடு பொருத்திய மேசைகளும் வட்ட இருக்கைகளும், அவற்றைச் சூழ்ந்து வரிசை வரிசையாகச் சிறு கடைகள். சமைப்பதும் விற்பதும் கடைக்காரர் பொறுப்பு. உட்காரும் இடம் எல்லாக் கடைகளுக்கும் பொது. ஒரு குடும்பம் நான்கு கடைகளில் நான்கு விதமாக வாங்கி ஒரே மேசையில் சாப்பிடலாம். பகல் 12 மணிக்கு அலுவலகங்கள் மொத்தமாகக் கீழே இறங்கிவரும் ஊரில், ஆயிரக்கணக்கானவர்கள் எந்தப் பதிவும் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு எழுந்துபோக இந்த ஏற்பாடே போதுமானதாக இருக்கிறது.

இதன் வேர் தெருவில் இருக்கிறது. 1819-க்குப் பிறகு துறைமுக நகரமாக வளர்ந்த சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சீனத்தின் தென்கரை, மலாய்த் தீவுகள், தமிழகம் என்று பல திசைகளிலிருந்து வந்து நெருக்கமான அறைகளில் ஒண்டியிருந்த அவர்களுக்கு அடுப்படி ஏது? காவடிபோலத் தோளில் கம்பு தாங்கி, ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் கிண்ணங்களுமாகத் தெருத்தெருவாக நடந்த வியாபாரிகளே அவர்களுக்குச் சோறு போட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் பெருக, தள்ளுவண்டியும் அடுப்புமாக இந்தத் தொழிலில் இறங்கியவர்களும் பெருகினார்கள். காலனி அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1950-ல் இவர்களைப் பற்றி அறிக்கை தந்தது. அதிகாரிகள் கண்ணுக்குத் தெருக்கடை என்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல், சுகாதாரத்துக்குக் கேடு.

சுகாதாரத்தைப் பற்றிய கவலை பொய்யல்ல. தெருவோரக் கடைக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்கக் கிண்ணங்கள் அலசப்பட்டன. கழிவும் எச்சிலும் சாக்கடைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் ஆற்றில் கலந்தன. இதற்குத் தீர்வாக வியாபாரிகளை ஒழித்துவிடலாம் என்று நினைத்த நகரங்கள் உலகில் உண்டு. சிங்கப்பூர் அரசோ அவர்களைக் கணக்கெடுத்தது. 1968, 1969 ஆண்டுகளில் நடந்த பதிவில் சுமார் 18,000 தெரு வியாபாரிகளுக்கு உரிமம் கிடைத்தது. 1971 முதல் குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, குப்பைத் தொட்டி எல்லாவற்றோடும் நிலையங்கள் கட்டப்பட்டன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிப் பேட்டைகள் எழுந்த இடங்களில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையை ஒட்டியே உணவங்காடி நிலையமும் எழுந்தது. 1977-ல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவுப் பணியின்போது கரையோரத்தில் இருந்த சுமார் 5,000 வியாபாரிகள் இடம் மாற்றப்பட்டார்கள். 1986-க்குள் தெருக்கடைகள் அனைத்தும் கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. தொழிலை அழிக்காமல் தொழிலின் இடத்தை மட்டும் மாற்றிய இந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இடம் மாறியபோதும் தெருக்கடையின் ஒரு குணம் மாறவில்லை: ஒரு கடைக்கு ஒரு பண்டம், மிஞ்சினால் நாலைந்து. முன்பதிவு தேவைப்படாமல் போனதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. நாற்பது வகை எழுதிய பட்டியலைப் படித்து, யோசித்து, சொல்லி, அது சமைந்து வரும்வரை காத்திருக்கும் உணவகத்தில் ஒரு மேசை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் முடங்கிவிடும். அங்காடியிலோ வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுகிறார். கடைக்காரர் விடியும் முன்பே முக்கால் வேலையை முடித்து வைத்திருக்கிறார்.

கோழிச்சோற்றுக் கடையைக் கவனித்தால் இது விளங்கும். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து, சிங்கப்பூரில் உருமாறிய உணவு அது. முழுக் கோழியைத் தளதளவென்று கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயுள்ள நீரில் மெதுவாக வேகவைக்கிறார்கள். வெந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் முக்குகிறார்கள். தோல் இறுகி, அதற்கும் சதைக்கும் இடையில் மெல்லிய கூழ்ப்படலம் பிடிக்கிறது. சதை மிருதுவாகவே நிற்கிறது. இஞ்சியும் பூண்டும் கோழிக் கொழுப்பில் வதங்க, அதில் அரிசியைப் புரட்டி, கோழி வெந்த அதே சாறு ஊற்றி, ரம்பை இலை முடிந்து போட்டுச் சோறாக்குகிறார்கள். பகலில் செய்ய வேண்டியது வெட்டுவது ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் கோழியைக் கொக்கியிலிருந்து எடுத்து, கனத்த வட்ட மரக்கட்டையில் வைத்து, அகலக் கத்தியால் நாலு வெட்டு. கத்தியின் பக்கவாட்டில் ஏந்திச் சோற்றின்மேல் சரித்துவிட்டால் தட்டு தயார். மிளகாய்ச் சாந்தும் வெள்ளரித் துண்டும் சேர்ந்து ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம். சாப்பிடுகிறவருக்குக் கால் மணி நேரம். அந்த இருக்கை ஒரு மதியவேளையில் நான்கு, ஐந்து பேரைப் பார்த்துவிடுகிறது.

பானக் கடையிலும் இதே வேகம். காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பது அங்குள்ள முறை. பொடியை நீண்ட துணிப் பையில் போட்டு, நீள மூக்குள்ள தகரக் குவளைகளில் மாற்றி மாற்றி வடிக்கிறார்கள். கோப்பி என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் இனிப்புமாக வரும். ‘ஓ’ சேர்த்தால் பாலில்லை, ‘சி’ சேர்த்தால் சுண்டக்காய்ச்சிய டின் பால், ‘கோசோங்’ என்றால் சர்க்கரை வேண்டாம், ‘காவ்’ என்றால் திக்காக, ‘பெங்’ என்றால் பனிக்கட்டியோடு. மலாயும் ஹொக்கியன் என்னும் சீன வழக்கும் கலந்த இந்தச் சொற்களைத் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள். “அங்கிள், கோப்பி சி கோசோங் பெங்” என்ற ஒரு மூச்சில் கேள்வி பதில் எதுவும் மிச்சமில்லாமல் முடிந்துவிடுகிறது. கடைக்காரரை அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பதே ஊர் வழக்கம்.

தமிழர் கைவண்ணம் இதில் சிறியதல்ல. மஞ்சள் மீ என்னும் கோதுமைச் சேமியாவைத் தக்காளிச் சாந்தும் மிளகாயும் சேர்த்துச் சிவக்கக் கிளறும் மீ கோரெங்கும், பொரித்த வடைகளை வெட்டி இனிப்பும் காரமுமான சாற்றோடு தரும் இந்தியன் ரோஜாக்கும், இஞ்சித் தேநீரும் தமிழ் முஸ்லிம் கடைகளோடு சேர்த்தே அறியப்படுகின்றன. புரோட்டா அங்கே ‘ரொட்டி பிராட்டா’ ஆகி, காலை உணவாகவே நிலைபெற்றுவிட்டது. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்துக்குள் நுழைந்தால் தோசை, பிரியாணி, ஆட்டுக்கால் சூப் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்குப் பதிலாக 1982-ல் வந்த கட்டடம் அது. கீழ்த்தளத்தில் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தையும் சேர்ந்தே இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களும் அந்த மேசைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

மேசையைப் பகிர்வதற்கென்று எழுதப்படாத விதிகள் உண்டு. நான்கு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மற்ற மூன்று இடமும் காலி என்றே பொருள். “இங்கே ஆள் இருக்கா?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம், அந்நியரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. கூட்ட நேரத்தில் உணவு வாங்கப் போகும் முன் இடம் பிடிக்க மேசைமேல் ஒரு சிறு பொட்டலம் டிஷ்யூ காகிதத்தை வைத்துவிட்டுப் போவார்கள். இதற்கு ‘ச்சோப்’ என்று பெயர். குடை, அலுவலக அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் எதுவும் ஆகும். ஆனாலும் டிஷ்யூதான் ராஜா. கைதுடைக்கும் காகிதத்தைக் கடைகள் தருவதில்லை, எனவே எல்லார் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கும், தொலைந்தாலும் நட்டமில்லை. மேசை மேசையாகப் போய் அதை விற்றுப் பிழைக்கும் முதியவர்களும் உண்டு. அந்தப் பொட்டலத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. எடுத்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் காவலர் வரப்போவதில்லை. ஆனாலும் பெரும்பாலோர் மதிக்கிறார்கள். கையில் சூடான சூப்போடு நிற்கும் முதியவருக்கு முன்னால் பத்து காலி இருக்கைகளைக் காகிதங்கள் காத்துக்கொண்டிருப்பது நியாயமா என்ற வாதம் அடிக்கடி எழுவதும் நியாயமே. தனியாக வருபவருக்கு இந்த வழக்கம் உதவுகிறது. கூட்டமாக வருபவர்கள் அதை வைத்து இடத்தை வளைத்துப்போட்டுவிடுகிறார்கள்.

வரிசைக்கு மட்டும் எந்த ‘ச்சோப்’பும் செல்லாது. நீளமான வரிசையைப் பார்த்து விலகிப்போகாமல், அங்கே என்ன நல்லாயிருக்கிறதோ என்று சேர்ந்துகொள்வது சிங்கப்பூரர் பழக்கம். 2016-ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடி நிலையத்தில் சோயா சாஸ் கோழி விற்ற சான் ஹோன் மெங் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) ஒரு தட்டு விற்ற கடை அது. பாரிஸில் அதே தகுதி பெற்ற உணவகத்தில் வாரக்கணக்கில் முன்னதாகப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். இங்கே வரிசை இன்னும் நீண்டது, அவ்வளவுதான். அமைச்சரானாலும் கட்டடத் தொழிலாளியானாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் இடம் அடுத்தவருக்குத் தயாராக வேண்டும். நீண்ட காலம் எச்சில் தட்டுகளை அப்படியே விட்டுப் போவதே வழக்கமாக இருந்தது. துப்புரவுப் பணியாளர் வருவதற்குள் மைனாக்களும் புறாக்களும் மேசையில் இறங்கிவிடும். 2021 செப்டம்பர் 1 முதல் தட்டையும் குப்பையையும் சாப்பிட்டவரே எடுத்துப்போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். ஹலால் கடைகளின் பாத்திரங்களுக்குத் தனி அடுக்கு உண்டு. மற்றப் பாத்திரங்களோடு அவை கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பல மதத்தினர் ஒரே மேசையில் உட்காரும் இடத்தில் மிகவும் அவசியமான மரியாதை. துடைத்த மேசை உடனே கிடைப்பதால் இருக்கை சுழலும் வேகமும் கூடியது.

2020 டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுகளின் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டுதான் கொரோனா முடக்கத்தால் ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை அங்கே உட்கார்ந்து சாப்பிடவே தடை இருந்தது. மேசைகளைச் சுற்றிப் பட்டை கட்டி, பொட்டலம் மட்டும் விற்றுக் கடைகள் தாக்குப்பிடித்தன.

நான்கைந்து வெள்ளிக்கு வயிறு நிறையும் இந்த மலிவு தானாக வந்ததல்ல. தெருவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட முதல் தலைமுறைக்கு அரசு சலுகை வாடகையில் கடை தந்தது; பின்னால் வந்தவர்கள் ஏலத்தில் கேட்டு எடுக்கிறார்கள். மீதியைக் கடைக்காரர்கள் தங்கள் உடம்பால் ஈடுகட்டுகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் திரும்ப முடியாத இடத்தில், அடுப்பின் அனலில், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும் வேலை அது. அரிசி, எண்ணெய், எரிவாயு எல்லாம் விலை ஏறினாலும் தட்டின் விலையில் ஐம்பது காசு ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். உணவகத்தில் இதைவிடப் பல மடங்கு கொடுப்பவர்கள் அங்காடியில் மட்டும் பேரம் பார்ப்பது பெரிய அநீதி. கடைக்காரர்களின் சராசரி வயது 60-ஐ ஒட்டி நிற்கிறது. பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்களை அடுப்புக்கு அழைக்க விரும்புவதில்லை. கடைக்காரர் ஓய்வுபெறும்போது பல சமயம் அவருடைய கைப்பக்குவமும் கடையோடு மூடப்படுகிறது.

1985-க்குப் பிறகு புதிய நிலையங்கள் கட்டுவது நின்றிருந்தது. 2011-ல் அரசு மறுபடி கட்ட முடிவெடுத்தது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்குக் குறைந்த வாடகையில் கருவிகளோடு கூடிய கடை தந்து பழகவைக்கும் திட்டம் 2018-ல் வந்தது. அனுபவசாலிகளிடம் பயிற்சி பெறும் திட்டம் 2020-ல் சேர்ந்தது. உரிமம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. உதவியாளரும் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2025 ஜனவரி முதல் சற்றுத் தளர்ந்து, நீண்டகால வருகை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றானது. உரிமம் பெற்றவர் கடையில் தாமே நின்று நடத்த வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது.