ஜூனியர் காலேஜில் ரிசீவர் கோச்

1996-ல் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நியூயார்க் ஜெட்ஸ் அணி எல்லோருக்கும் முதலாவதாக எடுத்துக்கொண்டது கீஷான் ஜான்சனை. அவர் ரிசீவர், அதாவது வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நட்சத்திரமாகத்தான் ரசிகர்கள் அவரை அறிந்திருந்தார்கள். அதற்கு முன் அவர் ஆடியது வெஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில். சான்டா மோனிகா காலேஜ் என்ற இன்னொரு இரண்டாண்டுக் கல்லூரியில் ஒன்றாக ஆடிய சாட் ஜான்சனும் ஸ்டீவ் ஸ்மித்தும் 2001-ல் தேர்வானார்கள். அதே வகைக் கல்லூரியான சியரா காலேஜில் தொடங்கிய பிராண்டன் ஐயுக் 2020-ல் முதல் சுற்றிலேயே தேர்வானார். இப்படிப்பட்ட பையன்களை முதலில் கையில் எடுத்துத் திருத்துபவர்தான் ஜூனியர் காலேஜின் ரிசீவர் கோச். அவர் பெயர் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

ஜூனியர் காலேஜ் என்பது குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டுகள் படிக்கும் இடம். பள்ளியில் மதிப்பெண் போதாதவர்கள், பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அழைக்காதவர்கள், அழைத்த இடத்தில் நிலைக்க முடியாமல் திரும்பியவர்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்கிறார்கள். 1938-ல் தொடங்கிய தேசிய ஜூனியர் காலேஜ் தடகளச் சங்கம் நாட்டின் பெரும்பகுதியில் போட்டிகளை நடத்துகிறது. கலிஃபோர்னியாவுக்குத் தனி அமைப்பு உண்டு. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. எங்கே சேர்ந்தாலும் ஒரு பையனுக்குக் கிடைப்பது இரண்டு பருவங்கள்தான். அதற்குள் அவன் தேறி, நாலாண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கண்ணில் பட்டாக வேண்டும்.

இந்த அவசரம்தான் கோச்சின் வேலையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க ஃபுட்பாலில் ரிசீவர் தன் விருப்பத்துக்கு ஓடக் கூடாது. எத்தனை கஜம் போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணக்கு உண்டு. இந்த ஓட்டங்களை ‘ரூட்’ என்கிறார்கள். பல அணிகள் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கின்றன. வழக்கமான முறையில் ஒற்றைப்படை எண் என்றால் மைதானத்தின் ஓரத்தை நோக்கித் திரும்ப வேண்டும், இரட்டைப்படை என்றால் நடுவை நோக்கி. ஒன்பது மட்டும் திரும்பாமல் நேரே ஓடுவது. ரிசீவர் திரும்பி முடிப்பதற்கு முன்பே பந்து அதை வீசும் குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுப் போயிருக்கும். ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் அது எதிரணிக்காரன் கையில் விழலாம்.

பள்ளியில் வெறும் வேகத்தை வைத்தே ஜெயித்து வந்த பையனுக்கு இது புரிய நாளாகும். இங்கே அவனைவிட வேகமானவர்கள் எதிரில் நிற்கிறார்கள். ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே மார்பில் கைவைத்துத் தடுப்பவனிடமிருந்து எப்படி விடுபடுவது, முழு வேகத்தில் வந்து மூன்றே எட்டில் எப்படி நிற்பது, பந்தை மார்பில் அணைக்காமல் விரல்களால் எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். பந்து தனக்கு வராத ஆட்டத்திலும் எதிராளியை மறித்து நிற்கப் பழக்க வேண்டும். மிகக் கடினம் இதுதான் என்று நினைக்கிறேன். பெயர் வாங்க இரண்டே பருவங்கள் உள்ள பையனிடம், இன்னொருவன் ஓடுவதற்காக நீ தள்ளுமுள்ளு செய் என்று சொல்லி அவனை நம்பவைக்க வேண்டுமே!

மைதானத்துக்கு வெளியே இருப்பது பாதி வேலை. யார் வகுப்புக்குப் போனான், யார் எந்தப் பாடத்தில் தவறினான் என்று பார்ப்பதும் அவர்தான். போதிய பாடங்களில் தேறாவிட்டால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. ஆட்டத்தின் வீடியோவிலிருந்து நல்ல பிடிகளை வெட்டி எடுத்து, பல்கலைக்கழகக் கோச்சுகளுக்கு அனுப்பி, போன் போட்டு, “இவனை ஒரு தடவை பாருங்கள்” என்று கேட்பதும் அவர்தான். சிறிய கல்லூரியானால் சீருடை துவைப்பது, வேன் ஓட்டுவது, விடுதியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் தலையில் விழும்.

இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் ஆடியவர்கள். பகுதிநேரமாக, சிறு தொகைக்குத் தொடங்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் முழுநேரக் கோச் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியராகவும் இருப்பார். அதற்கு வழக்கமாக முதுகலைப் பட்டம் வேண்டும். அதனால் சிலர் பல்கலைக்கழக அணியில் உதவியாளராக இருந்துகொண்டே பட்டத்தை முடிக்கிறார்கள். ரிசீவர் கோச்சுக்கு அடுத்த படி, பந்து வீசும் ஆட்டம் முழுவதையும் வகுக்கும் பொறுப்பு. பிறகு தாக்குதல் பிரிவின் தலைமை. ஆனால் தலைமைக் கோச்சை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூடவே போக வேண்டியதுதான். சில நேரம் அணியே போய்விடும். அரிசோனாவில் மாரிகோப்பா மாவட்டத்தின் நான்கு கல்லூரிகள் 2018 பருவத்தோடு ஃபுட்பாலைக் கைவிட்டன. அங்கிருந்த கோச்சுகள் வேறு ஊர்களில் வேலை தேட வேண்டியதாயிற்று.

ஜூனியர் காலேஜ் கோச் வேலையிலிருந்து உச்சிக்குப் போனவர்களும் உண்டு. ஜான் மேடன் 1960-ல் ஆலன் ஹான்காக் காலேஜில் உதவிக் கோச்சாகச் சேர்ந்து, இரண்டே ஆண்டில் தலைமைக்கு வந்தார். 1969-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் தலைமைக் கோச் ஆனார். 1977 ஜனவரியில் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

இப்போது நிலைமை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக வீரர்கள் அணி மாறுவதை எளிதாக்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது. வேறு பல்கலைக்கழகத்தில் ஆடிப் பழகியவனே கிடைக்கும்போது ஜூனியர் காலேஜ் பையனை ஏன் எடுக்க வேண்டும் என்று பெரிய அணிகள் யோசிக்கின்றன. இதற்கு எதிர்த்திசையில் ஒரு திருப்பமும் நேர்ந்தது. நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிடியூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய டியேகோ பாவியா, அங்கே கழித்த காலத்தை, பல்கலைக்கழக அணியில் ஆடத் தனக்கு அனுமதிக்கப்பட்ட காலக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு கொடுத்தது. அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்ற வீரர்களுக்கும் 2025-26-க்கு விலக்கு கிடைத்தது. இப்படிப்பட்ட விலக்கு நிலைத்தால், ஒரு பையனைப் பற்றிப் பல்கலைக்கழகத்தோடு பேசும்போது கோச்சின் கையில் வலுவான வாதம் ஒன்று இருக்கும்: இவன் உங்களிடம் இன்னும் பல பருவங்கள் ஆடுவான்.