வாடைக் காற்றில் நத்தார் வீடு

வாவியும் வாசலும் – தொடர் கட்டுரை

டிசம்பர் பிறந்தால் ஓட்டமாவடிப் பாலத்தடியில் தண்ணீர் நிறம் மாறிவிடும். மாதுறு ஓயா கொண்டுவரும் செம்மண் கலங்கலும் வயல்களின் வடிநீரும் வாழைச்சேனை வாவிக்குள் இறங்க, உவர்நீர் பழுப்பாகிக் கடலை நோக்கி ஓடும். ஒருகாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே தடத்தில் மாறி மாறிப் போன பழைய இரும்புப் பாலத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஆற்றுவாழை, முறிந்த கிளைகள், வேரோடு பெயர்ந்த செடிகள் என்று ஒரு காடே மிதந்து போவது தெரியும். ஆண்டு மழையின் பெரும்பங்கும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிற மாவட்டம் இது. நத்தார் வருவது சரியாக அதன் நடுவில்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கடலோரப் பாணியில் நத்தார் வீடு என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரும் படங்களை இப்போது நம் பிள்ளைகள் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்படிச் செய்வமா?" என்று கேட்கிறார்கள். வெள்ளைச் சுவர், நீலக் கண்ணாடி உருண்டை, காய்ந்த நட்சத்திரமீன், பவளக் கிளை, வெயில். நம்முடைய டிசம்பரில் வெயில் அரிது. வாடை அடிக்கிறது, கடல் குமுறுகிறது, ஓலை பூஞ்சணம் பிடிக்கிறது, கடதாசி நமநமத்துப் போகிறது. அந்தப் படத்தை இங்கே ஒட்ட முடியாது. ஆனால் அந்தப் பாணி தேடுகிற பொருள் எல்லாம் இந்தக் கரையில் கிடக்கிறது. படம் பிடிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இங்குள்ள வீடுகள் அதைக் கையாண்டும் வந்திருக்கின்றன.

ஓட்டமாவடி முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர். நத்தார் கொண்டாடும் வீடுகள் பாலம் தாண்டி வாழைச்சேனை, கல்குடாப் பக்கம் இருக்கின்றன. ஆனால் சாமான் வாங்க எல்லாரும் ஓட்டமாவடிக் கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்கள். பிளாஸ்டிக் மரம், நட்சத்திரக் கூடு, ஜிகினாச் சரம், மின்குமிழ்ச் சரம் எல்லாம் கடை முகப்பில் தொங்கும். விற்பவரில் எனக்குக் குறையில்லை. கேட்பதை அவர் கொண்டுவந்து வைக்கிறார். என் கவலை அந்த ஜிகினாச் சரத்தின் பயணம் பற்றியது. உப்புக் காற்றில் அதன் கம்பி துருவேறும், மழையில் சாயம் கரையும், ஒரு காற்றுக்கு அறுந்து வடிகானில் விழும். வடிகான் போய்ச் சேருமிடம் வாவி. அந்த வாவியில்தான் இதே மாதத்தில், கடலுக்குப் போக முடியாத நாட்களில், வலை வீசி இறால் எடுக்கிறோம்.

சரி, மரத்திலிருந்து தொடங்குவோம். இந்தக் கரையின் நத்தார் மரம் சவுக்கு. ஊசி ஊசியாய்த் தொங்குவதை இலை என்று நினைக்கிறோம். உண்மையில் அவை மெல்லிய பச்சைக் கிளைகள். கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத செதிலாய் ஒட்டியிருப்பவைதான் இலை. வெட்டிய கிளை நாலைந்து நாள் பச்சையாக நிற்கும், பிறகு உதிரத் தொடங்கும். அதனால் மாதத் தொடக்கத்தில் நட்டுவிட்டு இருபத்தைந்தாம் தேதி மொட்டைக் கம்பைப் பார்த்து வருந்த வேண்டாம். 22, 23-இல் வைத்தால் போதும். வாளியில் ஆற்று மணல் போட்டு நனைத்து நடுங்கள். கடல் மணல் உப்பு, கிளையை விரைவில் வாட்டும். கரையில் நிற்கும் சவுக்குகள் சுனாமிக்குப் பிறகு அலைக்குத் தடுப்பாக வைத்தவை, அவற்றில் கத்தி வைக்கக்கூடாது. தேவையும் இல்லை. வாடைக் காற்று ஒரு வீட்டுக்கு ஒரு கிளை வீதம் முறித்துப் போட்டுவிடுகிறது. சவுக்கின் சின்னக் காய்கள் கிளையிலேயே தொங்குவதால் பாதி அலங்காரம் அதோடே வந்துவிடும்.

உச்சி நட்சத்திரத்துக்கு நான் சிபாரிசு செய்வது இராவணன் மீசை. மணல் மேட்டில் முள்முள்ளாய் வளரும் புல். அதன் பெண்கதிர் காய்ந்து கழன்றதும் நாலாபக்கமும் கதிர் விரித்த உருண்டையாகி, காற்றில் கரை நெடுக உருண்டோடும். அப்படி ஓடுவதில் ஒன்றைப் பிடித்து, கையில் முள் ஏறாமல் துணியால் பொத்திக் கொண்டுவந்து சவுக்கின் தலையில் கட்டிப்பாருங்கள். பின்னால் ஒரு சின்ன விளக்கு இருந்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியே ஒளிரும். கடையில் இருக்கிற எந்த நட்சத்திரமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

வாசல் வளையத்துக்கு அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்லும் அதே கொடி. நாலைந்து இழையை முறுக்கி வட்டமாக்கித் தும்புக் கயிற்றால் கட்டினால் கம்பியே வேண்டாம், துருவும் இல்லை. மணலைப் பிடித்துவைக்கிற கொடி என்பதால் வேர்விட்டு நிற்பதைப் பிடுங்க வேண்டாம். பெருங்கடல் அரித்துக் கரையில் எறிந்து கிடப்பதே டிசம்பரில் தாராளம்.

தென்னங்குருத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவையும் கிளியும் பின்னுகிற விரல்களுக்கு நட்சத்திரம் பின்னச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் தோரணம் கட்டும் அயல்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டால் அவரும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் குருத்தின் மஞ்சள் வெண்மை இரண்டு நாளுக்குத்தான். ஈரத் துணியில் சுற்றி வைத்து, 24-ஆம் தேதி மாலையில் பின்னித் தொங்கவிடுங்கள். விழுந்த மரத்தின் குருத்தாக இருந்தால் நல்லது. 1978 நவம்பர் 23-இல் அடித்த சூறாவளி இந்த மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. அதைப் பார்த்த பெரியவர்கள் நிற்கிற மரத்தின் குருத்தை வெட்ட இன்றைக்கும் மனம் கூசுவார்கள். நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால் பனையோலை. அவித்து, வெயில் கண்ட பொழுதில் காயவைத்து, வாரி எடுத்து வைத்துக்கொண்டால் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். ஓகஸ்ட் வெயிலில் செய்துவைக்க வேண்டிய வேலை அது.

பாலன் குடில்தான் வீட்டின் நடு. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலாகப் பிறப்பின் காட்சியை அமைத்தபோது அவர் கேட்டது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும். அந்த ஊர் மக்களின் தொழுவத்தில் இருந்தவை அவ்வளவுதான். எண்ணூறு வருடம் கழித்து நாம் பஞ்சை ஒட்டிப் பனி செய்கிறோம். கல்குடாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வீட்டில் பஞ்சு கிடையாது. கூரை கிடுகு, தூண் பனைமட்டை, தரையில் ஆற்று மணல், மேலே சிறுபோகத்தில் எடுத்துக் கட்டிவைத்த வைக்கோல். டிசம்பரில் பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும், அப்போது வைக்கோல் தேடிப் பயனில்லை. குடிலைச் சுற்றி வரிசையாகச் சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் பத்து நாள் முன்பே முளைவிட்ட நெல் போட்டிருப்பார். நத்தார் அன்றைக்கு விரல் உயரப் பச்சை வயல் நடுவே பாலன் கிடப்பார். நெல் பிந்திவிட்டால் பயறு போடலாம், நாலைந்து நாளில் தலைநீட்டும்.

குடிலுக்கு அடியில் விரிக்கும் பன்பாயை, பன் புல்லில் பின்னும் பாயை, அவர் ஓட்டமாவடியில் பின்னுவிக்கிறார். போன கட்டுரையில் பன் பிடுங்குவதையும் காயவைப்பதையும் எழுதினேன். அதே பாய்தான், அளவு மட்டும் சிறிது. "ராத்தா, இந்தமுற குடிலுக்கு ஒரு சின்னப் பாய் வேணும்" என்று நவம்பரிலேயே சொல்லிவிடுவாராம். "எத்தின முழம் டீச்சர்? சாயம் போடவா, வெள்ளையாவே விடவா? மறுகா மழ புடிச்சா பன் காயாது, இப்பவே சொல்லுங்க" என்பது பாய் பின்னுபவரின் பதில். நான் பார்த்த பாயில் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் சிவப்பு.

இனிச் சிப்பி, சோகி, ஊரி, மட்டி. அதிகம் யோசித்து எடுக்க வேண்டியவை இவை. கரையில் கிடப்பதெல்லாம் செத்த ஓடு என்று நினைக்கக் கூடாது. சுருள் ஓடுகளுக்குள், சொந்தக்காரன் இறந்த பிறகு, துறவி நண்டு குடியிருக்கும். வளர வளர அதற்குப் பெரிய ஓடு வேண்டும். நாம் அழகான சுருள்களையெல்லாம் பொறுக்கிவிட்டால் அது ஒதுங்க இடமில்லாமல் போகும். ஆகவே என் பேச்சு, சுருளை விட்டுவிடுங்கள், இரட்டை ஓட்டு மட்டிகளை எடுங்கள். அவற்றில் ஒரு வசதியும் இருக்கிறது. பல மட்டி ஓடுகளின் மூட்டுப் பக்கம் துளைபோட்டதுபோல் வட்டமான ஓட்டை இருக்கும். மணலுக்குள் வாழும் ஒருவகை நத்தை மட்டியைத் தின்ன அரத்தால் அராவுவதுபோல் நாவால் அராவிப் போட்ட துளை அது. ஆணியால் குத்தி உடைக்காமல், அந்தத் துளை வழியே நூலைக் கோத்துச் சரமாக்கலாம். இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, காய்ந்த பின் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் நிறம் எழும்பும். பிள்ளைகள் போனால் கூம்பு வடிவான சங்கைக் கையில் எடுக்க விடாதீர்கள். உயிரோடு இருந்தால் கொடுக்கால் குத்தும், சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லும்.

நட்சத்திரமீன் வேண்டாம். படங்களில் மரம் முழுக்கத் தொங்கும் அந்தக் காய்ந்த மீன்களில் பெரும்பாலானவை உயிரோடு பிடித்துக் காயவைக்கப்பட்டவை. பவளம் அறவே வேண்டாம். இந்தக் கரைக்குப் பவளத்தின் கதை தெரியும். கல்குடா, பாசிக்குடாப் பக்கத்துப் பவளப் பாறையை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் இருந்தது. 1981-இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988-இல் வந்த திருத்தமும் அதைத் தடுத்தன. வடக்கே காயாங்கேணியின் பவளத்திட்டு 2019-இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அக்கரையில், இந்தியாவில், 2001 முதல் பவளமும் கடல் விசிறியும் புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. மேசையில் வைக்கிற ஒரு துண்டுக்காக ஒரு கிளை உடைந்தால், சில இனங்களில் அது வருடத்துக்குச் சில சென்றிமீற்றர்தான் மீண்டும் வளரும். கண்ணா மரத்தின் வளைந்த வேர்களும் அப்படித்தான். அழகு என்று அறுக்க வேண்டாம். வாவியின் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒளிவது அவற்றின் இடுக்கில்.

கரையொதுங்கிய கட்டைகளை எடுக்கலாம். மேலே சொன்னேனே, பாலத்தடியில் மிதந்து போகிற கிளைகள், அவை கடலில் புரண்டு பட்டை உரிந்து வெண்மையாகிக் கல்குடாப் பக்கம் திரும்பி வந்து சேரும். உப்பு ஊறிய கட்டை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. நல்ல தண்ணீரில் ஒரு கிழமை ஊறவிட்டு, கொதிநீர் ஊற்றிப் பூச்சியைப் போக்கிய பிறகுதான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும். நீளத்தை ஒழுங்காகக் குறைத்துக் குறைத்து ஏணிப்படிபோலத் தும்புக் கயிற்றில் கட்டிச் சுவரில் மாட்டினால், இடமில்லாத வீட்டுக்கு அதுவே மரம்.

கடல் எறிந்ததை எடுப்பது பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, நத்தாரின் மறுநாள். மட்டக்களப்பில் கல்லடி டச்பார், நாவலடி, இங்கே கல்குடா என்று கரை நெடுக வீடுகளில் குடிலும் நட்சத்திரமும் கட்டியபடி இருந்தன. டச்பாரில் வாழ்ந்தவர்கள் பறங்கியர். போர்த்துக்கீசர் வழிவந்து, தச்சும் கொல்லும் கைத்தொழிலாகக் கொண்டு, அந்த மொழியின் ஒரு வடிவத்தை நானூறு வருடமாக வீட்டில் பேசிவந்த சமூகம். நத்தாருக்குக் கப்ரிஞ்ஞா ஆடிய முற்றங்களை அடுத்த நாள் கடல் கொண்டுபோனது. இலங்கை முழுக்க முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த நாட்களில் கரையில் ஒதுங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தவை: கதிரைக் கால், பிள்ளையின் செருப்பு, குடிலின் பலகை. இன்றும் இந்தப் பகுதியில் நத்தார் அலங்காரத்துக்குக் கடற்கரைப் பொருள் எதையுமே உள்ளே எடுக்காத வீடுகள் உண்டு. அவர்களிடம் மட்டிச் சரத்தின் அழகைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு சில வீடுகளில் 26-ஆம் தேதி காலை மின்குமிழ்ச் சரத்தை அணைத்துவிட்டு, குடிலின் முன் மெழுகுதிரி மட்டும் ஏற்றுகிறார்கள். அந்த ஒழுங்கையும் அலங்காரத்தின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். வெளியூரிலிருந்து விருந்துக்கு வருபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

மூன்று இராசாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் எல்லாவற்றையும் இறக்கலாம். சவுக்கும் அடம்பனும் குருத்தும் எருக்கிடங்குக்கு. முளைத்த நெல்லைக் கோழிக்குப் போடலாம். பன்பாயை நன்றாக உதறி, வெயில் வரும் நாளில் காயவைத்துச் சுருட்டினால் அடுத்த வருடத்துக்கும் உதவும். மட்டிச் சரத்தை அவிழ்த்து ஓடுகளை எடுத்த கரையிலேயே போட்டுவிடுங்கள், அவை தேய்ந்து மணலாகட்டும். தும்புக் கயிற்றை மட்டும் சுற்றி வையுங்கள். தைப்பொங்கலுக்குத் தோரணம் கட்ட அயல்வீட்டில் கேட்பார்கள்.

அடுத்த வாரம்: வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையும் அதன் சங்கொலியில் எழும்பிய வீடுகளும்.