நம்ம ஊருக்கு ஒரு மாணவர் போராட்டம் கொடுத்த எம்.பி.

வந்தவாசின்னா கோரைப்பாய், இல்லைன்னா 1760-ல பிரெஞ்சுக்காரங்களை இங்கிலீஷ்காரங்க ஜெயிச்ச சண்டை. பள்ளிக்கூடத்தில் அதோட விட்டுடுவாங்க. 1967-ல் இதே வந்தவாசி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. சார்பில் ஜெயிச்சவர் ஜி. விஸ்வநாதன். அப்போ வயசு 28. ஆமாம், பின்னாடி 1984-ல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜை, அதாவது இன்றைய வி.ஐ.டி.யை, ஆரம்பிச்ச அதே விஸ்வநாதன்தான். அந்தத் தேர்தல் அலையைப் புரிஞ்சுக்கணும்னா ரெண்டு வருஷம் பின்னாடி போகணும்.

அரசியல் சட்டப்படி ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 வருஷம் 1965 ஜனவரி 26-ல் முடியுது. அதுக்கப்புறம் இந்தி மட்டும்தான் ஆட்சிமொழியா? 1963-ல் வந்த சட்டம், ஆங்கிலம் 'தொடரலாம்'னு சொன்னதே தவிர 'தொடரும்'னு சொல்லலை. இந்த ஒரு சொல்தான் மாணவர்களை உலுக்கியது. மொழிப்பற்று மட்டுமில்லை, வயித்துப் பிழைப்பும் இதில் இருந்தது. மத்திய அரசுத் தேர்வுகள் இந்தியில் நடந்தா, பிறந்ததிலிருந்து இந்தி பேசுறவனோட நாம எப்படிப் போட்டி போடுறது? பிளேஸ்மென்ட் பயம்னா என்னன்னு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே.

அந்த ஜனவரியில் பல காலேஜ் மாணவர் தலைவர்கள் சேர்ந்து தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புக் குழுவை அமைச்சாங்க. பெ. சீனிவாசன், கா. காளிமுத்து, நா. காமராசன் மாதிரி பேர்கள் அப்போதான் வெளியே தெரிய வந்தது.

25-ம் தேதி மதுரையில் ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் வந்து, அது கலவரமாச்சு. அண்ணாவைப் போலீஸ் அன்னிக்கே முன்னெச்சரிக்கையா கைது பண்ணிட்டாங்க. தலைவர் உள்ளே போனா அடங்கிடும்னு நினைச்சிருக்கலாம். ஆனா மறுநாள் சென்னையில் சுமார் 50,000 மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து கோட்டைக்கு நடந்தாங்க. முதலமைச்சர் பக்தவத்சலத்துகிட்ட மனு கொடுக்க முயற்சி பண்ணாங்க, நடக்கலை. கட்சி கையை விட்டு விஷயம் போயிடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

27-ம் தேதி சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ் சுட்டதில் ராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். காலையில் கிளாஸ்மேட்ஸோடு கிளம்பினவர் திரும்பி வரலை. மறுநாள் காலேஜ்களைக் காலவரையின்றி மூடிட்டாங்க. அப்பவும் தீ அணையலை.

இதை வெறும் வீரக்கதையா சொல்லக்கூடாது. ரயில் எரிஞ்சது, தபால் ஆபீஸ் எரிஞ்சது. அரசுக் கணக்குப்படியே, ரெண்டு போலீஸ்காரர் உட்பட சுமார் 70 பேர் செத்தாங்க.

பிப்ரவரி 11-ல் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா பண்ணாங்க. அன்னிக்கே பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாத்தப்படும்னு சொன்னார். மறுநாள் மாணவர் குழு போராட்டத்தைத் தள்ளி வைச்சது.

1967 தேர்தலில் மாணவர்கள் கிராமம் கிராமமா ஓட்டு கேட்டாங்க. விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் சீனிவாசன் 1,285 ஓட்டில் தோற்கடிச்சார். தி.மு.க.வுக்கு 137 சீட். இங்கே விஸ்வநாதன்.

பிலிப்பைன்ஸில் கதை வேற மாதிரி. அங்கே மாணவர்கள் ரகசியச் சடங்கு வைச்சுச் சேர்க்கிற சகோதரக் கழகங்கள் உண்டு. உப்சிலோன் சிக்மா ஃபை என்ற ஒரே கழகத்தில் இருந்தவங்கதான் மார்க்கோஸும், 1972-ல் அவர் சிறையில் போட்ட நினாய் அக்கினோவும்! மார்க்கோஸை எதிர்த்து மணிலா மாணவர்கள் பெரிய அளவில் கிளம்பின நாளும், பாருங்க, ஜனவரி 26 தான். வருஷம் 1970. அந்தக் கழகம் இன்னும் இருக்கு. நம்ம 65 குழு அப்படி நிலைக்கலை. அதில் இருந்தவங்க மந்திரியானாங்க, சபாநாயகரானாங்க, கவிஞரானாங்க.

ஆனா அவங்க கேட்டது சட்டமாச்சு. 1967 கடைசியில் பார்லிமென்ட் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினது. அதுவும் போதாதுன்னு மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தாங்க, இந்தத் தடவை அண்ணா ஆட்சியிலேயே. 1968 ஜனவரி 23-ல் சட்டசபை இருமொழித் தீர்மானம் போட்டது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாதுன்னும் அதில் இருந்தது.